படகுத் துறை வரட்டும். வடிகால் அடைபட வேண்டாம்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் கரையில் இன்று நடந்து செல்வது எளிதான காரியமன்று. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுத்தபடி ஆட்கள் நடந்த கரை அது. இப்போது பல இடங்களில் வேலிக்காத்தான் என்று நம் பக்கத்தில் வழங்கும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கின்றது. விறகு வெட்டும் பெண்களும், காய் பொறுக்க வரும் ஆடுகளும்தாம் அதனுள் நுழைகின்றன.

இந்தக் கரையைச் சுத்தம் செய்து படகுத் துறை கட்ட வேண்டும், மீண்டும் படகு விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகின்றது. பேச்சுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களும் கழுவெளி ஏரியும் கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுப் பகுதிகளும் சேர்ந்த நீர்வழியை 4-ஆம் தேசிய நீர்வழி என்று 2008-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அறிவித்துவிட்டது. சட்டம் வந்ததே தவிர, மரக்காணம் வரை சரக்குப் படகு வந்து சேரவில்லை. ஒருநாள் வரலாம். வந்தால் நல்லதுதான். ஆனால் கரையில் கை வைக்கும் முன்பு, அந்தக் கரைக்கு மேற்கே பயிர் செய்பவர்களைக் கேட்க வேண்டும்.

பிரம்மதேசத்தில் பயிர் செய்பவர் இதைப் படித்துவிட்டு, ‘உப்பளத்துக் கால்வாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்தது. திண்டிவனம், வானூர், மரக்காணம் வட்டாரங்களில் ஏரிகள் நிரம்பினால், கலங்கல் வழியாக வழியும் உபரி நீர் ஓடையோடு ஓடையாகச் சேர்ந்து கடலோரத் தாழ்நிலங்களுக்குத்தான் போயாக வேண்டும். அங்கே நீர் தேங்கினால் மேலே உள்ள வயலும் வடியாது. கழனியில் நிற்கும் நீருக்கு வழிவிடுவதும் விடாததும் எங்கோ கிழக்கே உள்ள கரையின் கையிலும், அதில் உள்ள மதகின் கையிலும் இருக்கின்றது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் எந்த வடிகாலும் திணறும் என்பது உண்மையே. ஆயினும் வெள்ளம் வந்த பிறகு பயிர் எத்தனை நாள் மூழ்கிக் கிடக்கின்றது என்பதை நிர்ணயிப்பது வடிகால்தான். மூன்று நாளில் வடிந்தால் சம்பா நாற்று பிழைக்கும். ஒரு வாரம், பத்து நாள் என்றால் மறு நடவுதான். அதற்கு நாற்று எங்கே?

படகுக்கு ஒரு தேவை, பயிருக்கு ஒரு தேவை

இந்தக் கால்வாயின் கதை பழையது. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் பேசில் காக்ரேன் என்பவர் வெட்டிய சிறு கால்வாயில் தொடங்கி, வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்த மக்களைக் கொண்டு மண் வெட்டி இணைத்த பகுதிகளும் இதில் உண்டு. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் 1878-ல் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்தில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. தெற்கு முனை நம் மரக்காணம். 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. லாரியும் தார்ச் சாலையும் மீதியை முடித்து வைத்தன.

இது ஆற்று நீர்க் கால்வாய் அன்று; கடலோடு தொடர்புள்ள கால்வாய். முகத்துவாரங்கள் வழியாக ஓதம் ஏறும், இறங்கும். படகு மிதக்க ஆழம் வேண்டும் என்பதால் அந்நாளில் இடையிடையே கதவு வைத்து நீரைத் தேக்கி வைத்தார்கள். இங்கேதான் முரண்பாடு தொடங்குகின்றது. படகுக்காரர் விரும்புவது எப்போதும் நீர் நிறைந்த கால்வாய். ஐப்பசி, கார்த்திகையில் விவசாயி விரும்புவதோ காலியான கால்வாய். அப்போதுதான் வயல் நீர் அதில் இறங்கும். அதேபோல் கால்வாயை ஆழப்படுத்தினால் படகுக்கு நல்லது. ஆனால் அந்த ஆழத்தின் வழியே கோடையில் உப்பு நீர் முன்னைவிட அதிக தூரம் உள்ளே வரும். இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஆனால் பரிகாரத்தைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். துறை கட்டித் திறப்பு விழா நடத்திய பிறகு மதகு கேட்டால் கிடைக்காது.

உப்பு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குக் கணக்கு உண்டு. மண்ணின் உப்பு நிலையை மின்கடத்து திறனால் அளக்கிறார்கள். அதன் அலகு டெசிசைமன்ஸ். கடல் நீர் ஏறத்தாழ 50. நெல் 3 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகு கூடும்போதும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் குறையும். மண்ணில் 6 இருந்தால் மூன்றில் ஒரு பங்கு நெல் போயிற்று. மணிலா இன்னும் மோசம். அதுவும் 3 வரையில் பொறுக்கும், ஆனால் 5-ஐ எட்டும்போது பாதி மகசூல் போய்விடும். திண்டிவனம் பக்கத்தில் மணிலாவை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பை அறவே தாங்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்ற இரகங்கள் ஓரளவு தாக்குப் பிடிக்கும். கடல் நீரையே பாய்ச்சினால் அவையும் மடங்கும்.

உப்பேறிய நிலத்துக்கு ஜிப்சம் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. உவர் நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். 2004 டிசம்பர் சுனாமியில் கடல் நீர் புகுந்த வயல்களில் பல, அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் உப்பு கழுவப்பட்டு மீண்டதற்குக் காரணம் இதுவே. மழை உப்பைக் கரைத்தது. வடிகால் அதை வெளியே கொண்டு போனது. வடிகால் அடைபட்ட வயலில் எவ்வளவு மழை பெய்தாலும் கரைந்த உப்பு அங்கேயேதான் நிற்கும்.

வேலிக்காத்தானை எடுக்கும் முறை

இனி, கரையைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வருவோம். இது சாதாரண வேலை என்று எண்ணி, இரண்டு பொக்லைன் இயந்திரங்களைக் கொண்டுவந்து நாலு நாளில் கரை முழுவதையும் மொட்டையடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கின்றது. அடுத்த மழையில் கரை கரைந்து கால்வாய்க்குள்ளேயே சரியும். ஏனெனில் வேலிக்காத்தான் எவ்வளவு பொல்லாததாயினும், அந்த மணற்பாங்கான மண்ணை இத்தனை ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். வேண்டாத காவல்காரன், ஆனாலும் காவல்காரன். அவனை அனுப்பும் முன் மாற்று ஆளை நிறுத்த வேண்டும்.

எனவே காலம் முக்கியம். பருவமழை ஓய்ந்து கரை காய்ந்த தை, மாசி மாதங்களில் மரத்தை வெட்டத் தொடங்க வேண்டும். தரைக்கு மேலே வெட்டி விட்டால் ஒரு மரம் இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் துளிர்த்து வரும் என்பது எல்லா விவசாயிகளும் அறிந்ததே. தரைக்குக் கீழே ஓர் அடி ஆழம் வரை தோண்டி, துளிர்க்கும் அடிக்கட்டையைப் பிடுங்கி எடுத்தால்தான் பயன். கால்வாயில் மீனும் இறாலும் உள்ளதால் களைக்கொல்லி தெளிக்கும் யோசனைக்கு இங்கே இடமில்லை. காய் பழுத்து உதிரும் முன்பே வெட்டுவது உத்தமம். உதிர்ந்த காய்களை வீணாக்க வேண்டாம். அவற்றை அரைத்து மாவாக்கி ஆடு மாடுகளுக்கு மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கலாம். அரைக்காமல் தின்னவிட்டால் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் முளைக்கும் சக்தி கெடாமல் வெளியே வந்து, அடுத்த ஊர்க் கரையிலும் முளைக்கும்.

வெட்டிய குழிகளை மூடி, கரையைச் சரிவாக அமைக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி அகலமாவது சரிவு இருந்தால்தான் அந்த மண் நிற்கும். செங்குத்தாக வெட்டிய கரை பார்வைக்கு அழகாக இருக்கும், ஐப்பசியில் இருக்காது. பங்குனி, சித்திரைக்குள் மண் வேலை முடிந்துவிட்டால், ஆடி, ஆவணி மழையில் நடவு செய்யலாம். நீர் ஓரத்தில் அலையாத்தியும் தாழையும், சரிவில் வெட்டிவேரும் அருகும், மேலே பூவரசும் புங்கமும் ஏற்றவை. பூவரசைப் போத்து நட்டு வளர்க்கலாம். புங்கந்தழை நெல் வயலுக்கு அருமையான பசுந்தாள் உரம். விலை கொடுத்து உரம் வாங்கும் சிறு விவசாயிக்கு இது சிறிய லாபமன்று. முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு கடிக்காமல் காப்பதுதான் பெரிய வேலை. வெட்டிய முள்ளையே வேலியாகப் போட்டுவிட்டால் அதற்கும் செலவில்லை.

இன்னொன்று: துறைக்கு எவ்வளவு இடம் தேவை? நாலைந்து படகுகள் நிற்க நூறு, நூற்றைம்பது அடி நீளம் போதும். அதற்காகப் பல கிலோமீட்டர் கரையைச் சுரண்ட வேண்டியதில்லை. பாலமும் சாலையும் அருகில் உள்ள, ஏற்கெனவே கரை சிதைந்துபோன ஓர் இடத்தைத் துறைக்கு எடுத்துக்கொண்டு, அங்கே மட்டும் சவுக்குக் கம்பங்களை நெருக்கமாக அடித்து முட்டுக் கொடுக்கலாம். மற்ற இடங்களில் ஆண்டுக்குக் கொஞ்சமாக வேலிக்காத்தானை எடுத்து, எடுத்த இடத்தில் நட்டுக்கொண்டே போகலாம். விறகை நம்பியுள்ள ஏழைப் பெண்களுக்கும் ஒரே நாளில் அடுப்பு அணையாது.

இலவச மண் என்று ஏமாறக் கூடாது

கால்வாயைத் தூர் வாரினால் சேறு குவியும். அதை என்ன செய்வது என்பது தான் விவசாயிக்குப் பெரிய ஆபத்து. ஆனால் திட்டம் போடுபவர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான். ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்து வயலை வளப்படுத்தியவர்கள் நம் முன்னோர். அந்தப் பழக்கத்தில், கால்வாய்ச் சேறும் வண்டல்தானே, இலவசமாகக் கிடைக்கிறதே என்று நிலத்தில் கொட்டிக்கொண்டால் அந்த நிலம் சில போகங்களுக்கு எழுந்திருக்காது. ஏரி வண்டல் வேறு, உப்புக் கால்வாய்ச் சேறு வேறு. அதிலும் கருநிறமாக, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேறாக இருந்தால் அதில் கந்தகம் உள்ளது என்று பொருள். நீருக்கடியில் கிடக்கும் வரையில் அது சாது. வெளியே எடுத்துக் காய வைத்தால் காற்றுப் பட்டு அமிலமாக மாறும். கேரளத்துக் குட்டநாட்டில் ‘கரி’ நிலம் என்று சொல்லும் புளிப்பு மண்ணில் விவசாயிகள் படும் பாடு இத்தகையதே.

சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு கிலோ மண் எடுத்துச் சென்று காட்டலாம். அதற்கும் முன், வீட்டில் ஒரு சட்டியில் அந்தச் சேற்றை நிரப்பி, இன்னொரு சட்டியில் சொந்த வயல் மண்ணை நிரப்பி, இரண்டிலும் பச்சைப்பயறு விதைத்துப் பார்க்கலாம். பயறு உப்புக்கு எளிதில் வாடும் பயிர். பத்து நாளில் விடை தெரிந்துவிடும்.

வாரிய சேற்றைக் கரையின் வயல் பக்கமாகக் குவிப்பதும் கூடாது. முதல் மழையில் அதன் உப்பு முழுவதும் பக்கத்து வயலில் இறங்கும். குவித்தே ஆக வேண்டுமென்றால் குவியலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி, கசியும் நீரைக் கால்வாய்க்கே திருப்பிவிட வேண்டும். ஒப்பந்தக்காரரின் வேலைப் பட்டியலில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்ப்பது நல்லது.

சாவி யார் கையில்?

எல்லாவற்றிலும் முக்கியமானது மதகு. வயல் வடிகால் கரையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவழிக் கதவு வைக்க வேண்டும். உள்ளிருந்து வரும் மழை நீர் தள்ளினால் அது திறக்கும். வெளியிலிருந்து ஓதம் தள்ளினால் தானாக மூடிக்கொள்ளும். இது புதுமையான பொறியன்று, செலவும் அதிகமில்லை. ஆனால் முள் செத்தையும் பிளாஸ்டிக்கும் சிக்காமல் ஆண்டுதோறும் புரட்டாசியில் துடைத்துவிட ஆள் வேண்டும். படகுக்காக நீரைத் தேக்கும் பெரிய கதவு கட்டினால், அதைத் திறப்பதும் மூடுவதும் யார் அதிகாரம் என்பதும் முன்கூட்டியே தீர வேண்டும்.

குட்டநாட்டில் இந்தச் சண்டையைக் காணலாம். வேம்பநாட்டுக் காயலில் உப்பு நீரைத் தடுக்கத் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் ஒரு தடுப்பணை 1970-களில் கட்டி முடிக்கப்பட்டது. படகுகள் கடந்து செல்ல அதில் தனி வழியும் உண்டு. நெல்லுக்காக மார்கழி வாக்கில் மூடி, பங்குனி வாக்கில் திறப்பது ஏற்பாடு. நெல் விவசாயி இன்னும் சில நாள் மூடி வை என்கிறார். உப்பு நீர் வராததால் மீனும் இறாலும் குறைந்து, ஆகாயத்தாமரை மண்டிவிட்டது, உடனே திற என்கிறார் மீனவர். திறக்கும் தேதி பற்றிய தகராறு இன்றும் ஓயவில்லை. அணை கெட்டது என்று சொல்வதற்கில்லை. அதனால் நெல் கிடைத்தது. கட்டும்போதே எல்லாத் தரப்பையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு பகை வந்திராது. மரக்காணத்தில் நெல்லுக்கும் மீனுக்கும் நடுவே உப்பளமும் இருக்கின்றது. உப்பளத்துக்குக் கோடையில் உப்பு நீர் வேண்டும். ஆகவே கதவை ஒரேயடியாக மூடு என்று விவசாயி கேட்பதும் நியாயமாகாது.

படகுக் கால்வாய் என்றால் இங்கிலாந்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஏழடி அகலமே உள்ள ஒடுங்கிய படகுகள் ஓடும் பழைய கால்வாய்கள் புதர் மண்டிப் பாழாய்க் கிடந்தன. 1946-ல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தூண்டுதலால் பொதுமக்களே மண்வெட்டியும் அரிவாளுமாகப் போய்ப் பலவற்றைத் துப்புரவு செய்து மீட்டார்கள். நம் குடிமராமத்தைப் போன்ற அந்த உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆனால் அவை பெரும்பாலும் நன்னீர்க் கால்வாய்கள். அங்கே நம்மைப் போல் ஒரே நாளில் அரை மீட்டர் மழை பெய்வதுமில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அலை எழுந்து கரையை அரிக்கக் கூடாது என்பதற்காக அங்கே படகின் வேகத்தை மணிக்கு 4 மைலுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். விசைப்படகு சீறிப் பாய்ந்தால்தான் சுற்றுலா என்ற எண்ணம் நம் மண் கரைக்கு ஆகாது.

படகால் விவசாயிக்கு வருமானம் வருமா என்றும் கேட்க வேண்டும். தர்ப்பூசணி படகுக்காகக் காத்திருக்காது. அன்றே லாரி ஏற வேண்டும். சவுக்குக் கட்டையும் உப்பும் காத்திருக்கும். வாடகை லாரியைவிடக் குறைந்தால் அவற்றைப் படகில் அனுப்பலாம். சுற்றுலாப் படகானால் இளநீரும் நுங்கும் விற்கும் சில குடும்பங்களுக்குப் பயன். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. இதற்கு ஈடாக ஒரு போகம் நெல்லைப் பணயம் வைக்க முடியாது.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கின்றது. 2008 சட்டத்தில் நீர்வழியின் பகுதியாகச் சேர்ந்த அதே கழுவெளி, 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பரப்பில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஓதம் ஏறும் நீர்நிலைகளின் கரைக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். ஆகவே நீர்வளத் துறை, வனத் துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் சம்மதம் இல்லாமல் யாரும் ஓர் இரவில் கரையைத் தோண்டிவிட முடியாது. விவசாயிகள் தங்கள் கருத்தைச் சொல்ல இதில் போதிய அவகாசம் கிடைக்கும். அதைத் தவற விடுவதுதான் நம் வழக்கம்.

சொல்ல வேண்டிய இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகின்றது. மரக்காணம் கரையோர ஊர்கள் மட்டுமன்றி, பிரம்மதேசம் போன்ற மேட்டு ஊர்களும் தங்கள் தீர்மானத்தில், எந்த ஓடை எந்த இடத்தில் கரையைக் கடக்கின்றது, 2024 வெள்ளத்தில் எத்தனை நாள் நீர் நின்றது, எங்கே மதகு தேவை என்பவற்றைச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் எதிர்ப்பு மனுவை அதிகாரி கோப்பில் வைத்துவிடுவார். சர்வே எண்ணும் நாள் கணக்கும் உள்ள மனுவைப் பொறியாளர் வரைபடத்தில் குறித்தாக வேண்டும்.

கரையின் மேல் வரிசைக்குப் பனையைப் போல் வேறொன்றில்லை. உப்பும் புயலும் அதற்குப் பொருட்டன்று. ஆவணி, புரட்டாசியில் உதிரும் பனம் பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் குழியில் மழைக்கு முன் போட்டு மூடினால் போதும். துறை வரும் வரை காத்திருக்க வேண்டாம். பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு, வேலிக்காத்தான் இல்லாத இடைவெளிகளில் இந்த ஆண்டே போட்டு வைக்கலாம்.